மாமியின் அலுமாரி விஸ்கிக்கு எத்தனை வயது?

போன பொங்கலுக்கு மட்டக்களப்புச் செங்கலடிக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் மாமி அலுமாரியின் மேல்தட்டில் இருந்து துவாயால் சுற்றிய ஒரு போத்தலை எடுத்து வந்து மேசையில் வைத்தார். லண்டனில் இருந்து வந்த அவருடைய தம்பி, மாமாவுக்குக் கொடுத்த ஸ்கொட்ச் விஸ்கி. மகளின் கலியாணத்துக்கு உடைப்போம் என்று மாமா எடுத்து வைத்தாராம். கலியாணம் முடிந்தது, பேரப்பிள்ளைகள் வந்தார்கள், மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போத்தல் மட்டும் உடைக்காமலே கிடக்கிறது.

"இந்தா மனே, இதில பன்னெண்டு எண்டு போட்டிருக்கு. வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருசம். பன்னெண்டும் இருபத்தாறும் முப்பத்தெட்டு. மறுகா, இப்ப என்ன விலை போகும்?"

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் பாரில் எட்டு வருடம் நின்றவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. மாமியின் கணக்கு சரி. ஆனால் கூட்டியிருக்கவே கூடாது. அந்த விஸ்கிக்கு அன்றும் பன்னிரண்டு வயது, இன்றும் பன்னிரண்டு. ஏன் என்று சொல்ல, சாப்பாட்டு மேசையில் இருந்த தயிர்ச்சட்டியைத்தான் காட்டினேன்.

எருமைத் தயிர் உறையும்போது மண்சட்டி சும்மா இருப்பதில்லை. அதன் பொடித் துவாரங்கள் பாலில் உள்ள நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் நம்மூர்த் தயிர் கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரி கட்டியாக வருகிறது. அதே பாலை, அதே உறை போட்டு, பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றினால் தண்ணியாகத்தான் நிற்கும். பாதி வேலையைச் செய்வது சட்டி. விஸ்கிக்கும் பிராண்டிக்கும் ரம்முக்கும் நம்முடைய தென்னஞ்சாராயத்துக்கும் அந்தச் சட்டி மரப்பீப்பாய்தான். போத்தலில் அடைத்த அன்றோடு மரத்தின் சகவாசம் முடிந்துவிடுகிறது. கண்ணாடி எதையும் கொடுக்காது, எதையும் எடுக்காது. எனவே வயது என்பது மரத்துக்குள் இருந்த காலம் மட்டுமே. அலுமாரியில் இருந்த காலம் கணக்கில் வராது. சில வைன்கள் போத்தலுக்குள்ளும் மாறும். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் எல்லாப் போத்தலையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம் போலும்.

வடிசாலையில் இருந்து இறங்கும் புதுச்சரக்கு எதுவானாலும் பார்க்கத் தண்ணீர்தான். ஸ்கொட்லாந்தில் பார்லி, பிரான்சில் திராட்சை, கரீபியன் தீவுகளில் கரும்புப்பாகு, நம் நாட்டில் தென்னம்பாளை சீவி இறக்கிய கள் என்று மூலப்பொருள் மாறும். நிறம் எதற்கும் கிடையாது. மூக்கைக் குத்தும், நாக்கில் எரியும். அதை மரத்துக்குள் விட்ட பிறகுதான் கதை தொடங்குகிறது.

விஸ்கிக்குப் பயன்படும் ஓக் பீப்பாயின் உட்பக்கத்தை நெருப்பில் வாட்டுவார்கள். கருகிய மேற்பரப்பு, வடிப்பில் வந்த கந்தக நாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சூட்டில் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் ஆகும். வெனிலா ஐஸ்கிரீமில் மணப்பதும் அதே பொருள்தான். மரத்தில் இருந்து தேயிலைச் சாயத்தில் உள்ளது போன்ற துவர்ப்பும் நிறமும் இறங்கும். பலகைகளின் துவாரங்கள் வழியாகக் காற்று மெல்ல உள்ளே போய், எரிவைப் பழவாசமாக மாற்றும். இதற்கெல்லாம் அவசரம் ஆகாது, வருடங்கள் வேண்டும்.

அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதன் வாசம் அச்சு அசல் தேங்காய். பேர்பன் விஸ்கியைப் புதிதாக வாட்டிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம், எனவே அதில் இது தூக்கலாக இருக்கும். ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரர் பேர்பனை முகர்ந்துவிட்டு "தேங்காய்" என்றபோது நான் உள்ளுக்குள் சிரித்தேன். சரியாகச் சொன்னவர் அவர்தான். தென்னையில் இருந்து வரும் நம் சாராயத்தில் தேங்காய் வாசம் இல்லை. பூவும் பழமும்தான் மணக்கும். தென்னையே இல்லாத அமெரிக்காவின் கென்டக்கியில் இருந்து வருவது தேங்காயாக மணக்கிறது.

நம் தென்னஞ்சாராயத்தை முதிர வைக்க வழக்கமாகப் பயன்படுவது ஓக் அல்ல, ஹல்மில்ல. தமிழில் சாவண்டலை. ஆங்கிலேயர் இதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள், படகு கட்டவும் வண்டில் செய்யவும் பெயர்போன மரம். சாராயத்துக்கு இதில் செய்பவை பெரும்பாலும் பெரிய தொட்டிகள். சின்னப் பீப்பாயில் ஒவ்வொரு லீற்றருக்கும் நிறைய மரம் படும். பெரிய தொட்டியில் கொஞ்சம்தான் படும். தவிர, ஹல்மில்ல ஓக்கைப் போல வெனிலாவை அள்ளிக் கொட்டாது. எனவே தென்னஞ்சாராயத்தில் மரம் பின்னால் நிற்கும், பாளையின் பூவாசம் முன்னால் நிற்கும். விஸ்கி குடித்துப் பழகியவர்கள் "இதில் ஒன்றும் இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். வீணையில் தவில் சத்தம் கேட்கவில்லை என்று குறை சொல்வது மாதிரி அது.

மரத்துக்குள் இருக்கும் சரக்கு வருடாவருடம் குறையும். ஸ்கொட்லாந்தில் ஏறக்குறைய 2 வீதம் ஆவியாகப் போகிறது என்பார்கள். தேவதைகளின் பங்கு என்று அதற்குச் செல்லப்பெயரும் உண்டு. 200 லீற்றர் பீப்பாய் ஒன்றில் 12 வருடத்தின் பின் 157 லீற்றர் அளவில் மிஞ்சும், 30 வருடத்தின் பின் 109. வெப்ப நாடுகளில் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். பெங்களூரில் வடிக்கும் அம்ருத் விஸ்கியில் வருடத்துக்கு 10 வீதத்துக்கு மேலும் போகும். அதைவிடக் குறைத்து 8 வீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 12 வருடத்தில் 74 லீற்றர்தான் மிச்சம், 30 வருடத்தில் 16. சூட்டில் மரமும் வேகமாக வேலை செய்யும். அதனால் அங்கே நாலைந்து வருடச் சரக்கே நன்றாக முதிர்ந்திருக்கும். 2004இல் அம்ருத் தன் சிங்கிள் மோல்ட்டை (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கியை) முதன்முதலில் கொண்டுபோய் இறக்கியது விஸ்கியின் வீட்டுவாசலான கிளாஸ்கோவில்தான், அந்தத் துணிச்சலுக்கே ஒரு கிளாஸ் ஊற்றலாம்.

காற்றின் ஈரமும் சேர்ந்து விளையாடும். நம்மூரில் கச்சான் அடிக்கும் மாதங்களில் கொடியில் போட்ட சாரம் அரை மணியில் காய்ந்துவிடும், மாரியில் இரண்டு நாளானாலும் காயாது. பீப்பாயும் அப்படித்தான். வறண்ட காற்றில் தண்ணீர் முந்திக்கொண்டு வெளியேறும், உள்ளே மதுச்சத்து ஏறும். ஈரக்காற்றில் தண்ணீருக்குப் போக இடம் இல்லை, மதுச்சத்து வெளியேறும், சரக்கின் வீரியம் இறங்கும். ஆகவே 12 என்ற எண்ணை ஸ்கொட்லாந்திலும் பெங்களூரிலும் ஒரே தராசில் வைக்க முடியாது. கூடக்கூட நல்லது என்பதும் இல்லை. அளவுக்கு மீறி மரத்துக்குள் கிடந்தது, சாயம் முற்றிய தேநீர் போலத் துவர்த்துப்போகும்.

சரி, லேபலைப் பார்ப்போம். ஸ்கொட்ச் விஸ்கிக்குச் சட்டம் இறுக்கமானது. ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம், பீப்பாயின் கொள்ளளவு 700 லீற்றருக்கு மேல் போகக்கூடாது, போத்தலில் மதுச்சத்து 40 வீதத்துக்குக் குறையக்கூடாது. லேபலில் 12 என்று இருந்தால், கலந்தவற்றில் மிக இளையதின் வயது அது. இருபது வருடச் சரக்கும் உள்ளே இருக்கலாம், பதினொரு வருடச் சரக்கு ஒரு துளியும் இருக்க முடியாது. பிரான்சின் கொன்யாக் பிராண்டி எழுத்தில் பேசும்: வீ.எஸ். என்றால் 2 வருடம், வீ.எஸ்.ஓ.பி. என்றால் 4, எக்ஸ்.ஓ. என்றால் 2018இல் இருந்து 10. அதற்கு முன் எக்ஸ்.ஓ.வுக்கு 6 போதுமாக இருந்தது. ரம்முக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லை. சில போத்தல்களில் பெரிதாக அச்சடித்த எண், உள்ளே கலந்ததில் மிக மூத்ததின் வயதாக இருக்கும். குடும்பத்தில் தாத்தாவின் வயதைச் சொல்லி, முழுக் குடும்பத்துக்கும் எண்பது வயது என்பது போல.

நம் சாராயத்தில் ஓல்ட், ஸ்பெஷல் என்ற சொற்களைப் பார்த்ததும் வயது என்று எண்ணிவிடாதீர்கள். வருடக் கணக்கு எண்ணில் இருந்தால்தான் அது வயது. ஸ்பெஷல் என்று வருபவற்றில் பெரும்பாலும் கரும்புப்பாகில் இருந்து எடுத்த எரிசாராயம் கணிசமாகக் கலந்திருக்கும். அம்பாறையில் ஹிங்குரானைப் பக்கம் சீனி ஆலை ஓடும் காலத்தில் போனவர்களுக்கு அந்தப் பாகின் கனத்த வாசம் தெரிந்திருக்கும். கலப்பது குற்றமில்லை. தென்னஞ்சாராயத்துக்குரிய விலையை அதற்குக் கொடுத்தால்தான் நட்டம். தூய தென்னஞ்சாராயம் வேண்டும் என்றால் லேபலில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். ஸ்கொட்ச்சிலும் கொன்யாக்கிலும் கரமல் சாயம் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது.

இனி ருசி பார்ப்பது. ஐஸ் வேண்டாம், சோடா வேண்டாம், முக்கியமாக முதல் அரை மணித்தியாலத்துக்கு பைட்ஸ் வேண்டாம். டெவில் பண்ணிய கணவாயைக் கடித்த வாய்க்கு 12 வருடமும் ஒன்று, 12 நாளும் ஒன்று. வாய் ஒடுங்கிய கிளாஸ் நல்லது, வாசத்தைச் சேர்த்துப் பிடிக்கும். 20 அல்லது 25 மில்லிலீற்றர் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். நம் ஆட்களுக்குக் கடினமான கட்டம் இதுதான்.

பிறகு கிளாஸை மூக்குக்குள் திணிக்காமல், நாடிக்கு நேரே பிடித்து, வாயை லேசாகத் திறந்து முகருங்கள். முதல் முறை மதுவின் குத்தல் மட்டும்தான் வரும். இரண்டாவது, மூன்றாவது முறைதான் மூக்கு பழகும். என்ன மணக்கிறது என்று கேட்டால் வெளிநாட்டுப் புத்தகங்களில் நாம் கண்ணால் காணாத பழங்களின் பெயர் எல்லாம் இருக்கும். அவற்றை விடுங்கள். வறுத்த தேங்காய்ப்பூ, பனங்கட்டி, கனிந்த கதலி, பலாச்சுளை, விளாம்பழம், கறுவா, கராம்பு, அவித்த நெல், பழைய சந்தனப்பெட்டி. இந்தச் சொற்கள் போதும். நகப்பூச்சை அழிக்கும் திரவம் மணந்தால் பெரும்பாலும் இளசு அல்லது கவனமில்லாத வடிப்பு. வாழைப்பழ மிட்டாய் மணந்தாலும் இளமைதான், ஆனால் அது இனிய இளமை. பனங்கட்டியும் சந்தனப்பெட்டியும் வரத் தொடங்கினால் மரம் வேலை செய்திருக்கிறது. ஸ்கொட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிகள் சிலவற்றில் டெட்டோலும் கருவாடு சுட்ட புகையும் மணக்கும். பார்லியைக் கரிமண் (பீட்) எரித்த புகையில் காய வைப்பதால் வருவது அது, கெட்டுப்போனதல்ல. எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

வாயில் ஒரு சிறு மிடறு. விழுங்காமல் நாக்கின் மேல் உருட்டுங்கள். "தொண்டை எரிஞ்சாத்தான் நல்ல சாமான்" என்று தவறணையில் சொல்வார்கள். எரிவு மதுச்சத்தையும் இளமையையும்தான் காட்டும், தரத்தைக் காட்டாது. பார்க்க வேண்டியது விழுங்கிய பிறகு. ருசி எத்தனை விநாடி நிற்கிறது, போகும்போது எப்படி மாறுகிறது? மலிவானது கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகும். நன்றாக முதிர்ந்தது வாசலில் நின்று இன்னும் இரண்டு கதை சொல்லிவிட்டுத்தான் போகும்.

அடுத்து ஒரு துளி தண்ணீர். வீரியமான விஸ்கிக்கு இது ஏமாற்று அல்ல. 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள்: புகைவாசத்துக்குக் காரணமான குவாயகோல், மதுச்சத்து கூடிய கரைசலில் உள்ளே அமிழ்ந்துவிடும், தண்ணீர் சேர்த்து மதுச்சத்து 45 வீதத்துக்குக் கீழே வந்தால் மேற்பரப்புக்கு ஏறும். மூக்கு இருப்பது மேலேதானே. நம் சாராயம் பல 33.5 வீதத்திலேயே போத்தலுக்கு வருவதால் அதற்குத் தண்ணீர் அவ்வளவாகத் தேவைப்படாது.

இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேயுங்கள். மது பறந்துவிடும், மீதியான வாசம் மரத்தினுடையது. கை ஒட்டினால் சீனி சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "என்ன மென்மை" என்று பாராட்டப்படும் சில ரம்களின் ரகசியம் அந்த ஒட்டல்தான்.

இந்த வித்தை எல்லாம் குடித்துக் குடித்துத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். மட்டக்களப்பில் டச்பார் என்ற இடத்தில் ஒரு பறங்கியர் இருக்கிறார், வயதான ஓடாவி. டாக்டர் சொன்னதில் இருந்து ஒரு சொட்டும் தொடுவதில்லை. ஒரு தடவை அவர் வீட்டு விறாந்தையில் நாலு கிளாஸை, அடியில் துண்டுக் கடதாசி ஒட்டி, வரிசையாக வைத்தோம். விலை கூடியதைக் கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்டிய என் சிநேகிதன் மலிவானதைத் தூக்கினான். அங்கிள் நாலையும் முகர்ந்து மட்டும் பார்த்து, வயது வாரியாக நகர்த்தி வைத்தார். கடதாசியைப் பார்த்தால் நாலும் சரி. எப்படி என்று கேட்டோம். "பச்சை மரம் அரியேக்க ஒரு மணம், காய்ஞ்சது அரியேக்க வேற மணம். இது தெரியாம என்ன தம்பி ஓடாவி?" மூக்கைப் பழக்கியது அவருடைய வாள். அதனால்தான் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் இரண்டையாவது பக்கத்தில் வைத்து, பெயர் தெரியாமல் பாருங்கள். ஒன்றைத் தனியே குடித்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பில் பாதி லேபல் சொல்வது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இதெல்லாம் மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் ஒட்டி, முத்திரை உடையாமல் வருவதற்கு மட்டும். கள்ளத்தனமாக வடிக்கும் கசிப்பில் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டாம். கொளுத்தினால் நீலமாக எரிகிறது என்பது மெதனோல் என்ற நஞ்சு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

விலைக்கு வருவோம். நம் நாட்டில் போத்தல் விலையின் பெரும்பங்கு வரி. மதுவரியைக் கணக்கிடுவது வகையையும் உள்ளே இருக்கும் மதுச்சத்தின் அளவையும் வைத்துத்தான், வயதை வைத்தல்ல. ஒரே வகையில், ஒரே வீரியத்தில் இரண்டு போத்தல் இருந்தால், இளசுக்கும் முதிர்ந்ததுக்கும் மதுவரி ஒன்றுதான். அதாவது மிக மலிவான போத்தலில் நீங்கள் கொடுக்கும் காசு பெரும்பாலும் அரசாங்கத்துக்கே போகிறது; கொஞ்சம் கூடக் கொடுத்தால் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி சரக்குக்குப் போகிறது. ஆனால் ஒரு மட்டத்துக்கு மேலே ஏறினால், காசு போகும் இடம் மரப்பெட்டி, கனத்த கண்ணாடி, பட்டுத்துணி. பெட்டியைப் பார்த்து விலை கொடுப்பவர் பெட்டியைத்தான் வாங்குகிறார். சீவல்காரர் ஏறி இறங்கும் உழைப்பு அந்தப் பட்டுத்துணியைவிட மலிவாகக் கணக்கிடப்படுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஏலத்துக்குப் போகும் போத்தல்களின் கணக்கோ முற்றிலும் வேறு. 1926இல் வடித்து, 60 வருடம் பீப்பாயில் இருந்து, 1986இல் போத்தலான மக்கலன் விஸ்கி ஒன்று 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 20 இலட்சம் பவுணுக்கு மேல் போனது. அந்தப் பீப்பாயில் இருந்து வந்தவை 40 போத்தல்கள்தான். அங்கே விற்பது ருசி அல்ல, அருமை. எண்ணிக்கை குறைவு, பெயர் பெரிது, முத்திரை அப்படியே, வந்த வழிக்கு ஆதாரம் உண்டு. இந்த நாலும் இல்லாவிட்டால் பழமை மட்டும் காசாகாது.

காசு இருக்கும் இடத்துக்குப் போலி தானாக வரும். 2017இல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஹோட்டலில் 1878 என்று லேபல் போட்ட விஸ்கி, 2 சென்ரிலீற்றர் 9,999 பிராங்குக்கு விற்கப்பட்டது. ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்த்தால், வடித்தது 1970ஐ ஒட்டி. ஹோட்டல்காரர் காசைத் திருப்பிக் கொடுத்தார். காலத்தைக் காட்டிக்கொடுப்பது எது? 1950களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அதற்குப் பின் விளைந்த பார்லியில் அந்தத் தடம் இருக்கும், அதை அழிக்க முடியாது. 2018இல் இதே முறையில் ஸ்கொட்லாந்தில் 55 அரிய போத்தல்களைச் சோதித்தார்கள், அவற்றில் 21 போலி.

மாமிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். சரக்கு கழுத்தில் இருந்து தோள் வரை இறங்கியிருந்தது. படுக்க வைத்திருந்தபடியால் தக்கை ஊறிப் பொருமிப்போயிருந்தது. வைனைப் படுக்க வைக்கலாம், விஸ்கியை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். அதன் வீரியம் தக்கையைத் தின்றுவிடும். அதுவும் ஆயிரக்கணக்கில் செய்து விற்ற சாதாரணக் கலப்பு விஸ்கி. ஏலக்காரர் யாரும் தேடி வரமாட்டார். உள்ளூரில் லைசன்ஸ் இல்லாமல் விற்பதோ குற்றம்.

"அப்ப ஒண்டும் போகாதா?"

"போகாது மாமி."

"சரி, அப்ப உடை."

தக்கை பாதியில் முறிந்தது, மீதியை உள்ளே தள்ளி, தேயிலை வடியால் வடித்தோம். வாசம் கொஞ்சம் மங்கித்தான் இருந்தது, ஆனாலும் மோசமில்லை. மாமாவின் படத்துக்கு முன் ஒரு கிளாஸை வைத்துவிட்டு, மச்சானும் நானும் ஆளுக்கு ஒன்று எடுத்தோம். மாமி தொடவில்லை. மறுநாள் காலை கழுவப் போனவர் வெறும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். மது முழுக்கப் பறந்து மரம் மட்டும் மிஞ்சி நிற்கும் நேரம் அது.

"பனங்கட்டி மணக்குது மனே."

எட்டு வருட அனுபவக்காரன் இரவு தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான். வெறும் போத்தலை எறியப் போனேன், லேபலைச் சுரண்டிவிட்டு எறிய வேண்டும், போலிக்காரர்கள் இப்படியான போத்தலைத்தான் தேடுவார்கள் என்றும் சொன்னேன். மாமி கையில் இருந்து பறித்தார்.

"சுரண்டு, ஆனா எறியாத. காட்டுத்தேன் வந்திருக்கு, ஊத்தி வைக்கப் போத்தல் இல்ல."